தங்கவயல் பிள்ளைகளோடு ஒரு வாரம்

பங்காரப்பேட்டையில் பெரிய ரயிலிலிருந்து இறங்கி மாரிக்குப்பம் வண்டிக்கு மாறினால் மீதி 16 கிலோமீட்டர். கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நின்று நின்று போய், மாரிக்குப்பத்தில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்காக 1894-இல் போட்ட பாதை இது. அன்று இயந்திரங்களைச் சுமந்து வந்த பாதை இன்று ஆட்களைச் சுமந்து போகிறது. விடிவதற்கு முன்பே கிளம்பும் பெங்களூரு வண்டிகளில் கார்மென்ட்ஸ் வேலைக்கும் கட்டட வேலைக்கும் கடைகளுக்கும் போகிறவர்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போய் உழைத்துவிட்டு, இருட்டிய பிறகு அதே வழியில் திரும்புகிறார்கள்.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880-இல் இங்கே கால்வைத்தது. அதன்பின் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் இந்த மண்ணிலிருந்து போனது. எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். 1956-இல் மைசூர் அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று அது மூடப்பட்டது. இந்த வரலாற்றின் சில பகுதிகளைத் தமிழ் வாசகர்கள் சினிமாவில் பார்த்திருப்பார்கள். நான் பார்க்கப் போனது அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் படிக்கிற ஒரு தொடக்கப் பள்ளியை. பாட்டன் சுரங்கத்துக்குள் இறங்கினார், தாய் பெங்களூருக்குப் போய்வருகிறார், பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, பள்ளியில் கன்னடத்தில் படிக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையின் ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சாம்பியன் பக்கத்தில், பழைய தொழிலாளர் லைன்களை ஒட்டி இருக்கிறது அந்த அரசுப் பள்ளி. லைன் வீடுகள் இன்னும் வரிசை குலையாமல் நிற்கின்றன. ஒரு காலத்தில் மூங்கில் தட்டிச் சுவர்களாக இருந்தவை பிறகு தகரமும் கல்லுமாகின. அளவு மட்டும் பெரிதாக மாறவில்லை. பள்ளி வாசலில் நின்றால் ஒரு பக்கம் ஷாஃப்டின் இரும்புக் கோபுரமும் மறுபக்கம் சாம்பல் வெளுப்பில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடும் தெரிகின்றன. ஒன்று முதல் மூன்று வகுப்புவரை ஒரே அறை, ஒரே ஆசிரியை. அவரும் இந்த ஊரில் பிறந்தவர்; அவர் அப்பாவும் மைன்ஸில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

திங்கட்கிழமை காலைக் கூட்டம் கவிஞர் குவெம்புவின் வாழ்த்துப் பாடலோடு தொடங்கியது. கர்நாடகம் அதை 2004-இல் மாநிலப் பாடலாக்கியது. தொடர்ந்து அரசியலமைப்பின் முகப்புரை. 2023 முதல் மாநிலப் பள்ளிகளில் தினமும் படிக்கப்படுகிற அதை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கன்னடத்தில் சொல்ல, மற்றவர்கள் பின்சொன்னார்கள். ஒன்றாம் வகுப்புச் சின்னவர்களின் வாய் பாதிச் சொற்களில் தடுக்கியது. அம்பேத்கர் படம் மாட்டாத வீடு குறைவான இந்த ஊரில், அந்த வரிகள் யாருடைய உழைப்பில் உருவானவை என்பது அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது.

பிறகு சூடான பால். ஷீரபாக்யா திட்டம் 2013-இல் தொடங்கியது. இப்போது வாரத்தில் சில நாட்கள் பாலோடு ராகி மால்ட்டும் கலந்து தருகிறார்கள். அம்மா விடியுமுன் வேலைக்குப் போய்விடும் வீடுகளில் சில பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய முதல் ஆகாரம். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்த ஒரு பையனைப் பார்த்தபோது, இந்தத் திட்டத்தை யோசித்தவர்கள், சமைக்கிறவர்கள், காய்ச்சி ஊற்றுகிறவர்கள் எல்லோரையும் மனசார வாழ்த்தத் தோன்றியது.

வகுப்புக்குள் பெஞ்சு கிடையாது. தரையில் வட்ட வட்டமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில், கறுப்புப் பட்டை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கயிறுகள் கட்டி, பிள்ளைகள் வரைந்ததும் வெட்டி ஒட்டியதும் பந்தல் மாதிரி தொங்குகின்றன. இது நலி கலி வகுப்பு. மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டை வட்டாரத்தில் 1995-இல் சில அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தொடங்கிய முறை, 2009-10 முதல் மாநிலம் முழுக்கப் பரவியது. பாடப்புத்தகத்துக்குப் பதில் அட்டைகள். சுவரில் ஒரு கற்றல் ஏணி. ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு படச்சின்னம், அதே சின்னம் போட்ட அட்டை அலமாரியில். பிள்ளை தானே தன் படியைப் பார்த்து, தன் அட்டையை எடுத்து, அதற்குரிய வட்டத்தில் போய் உட்காருகிறது. ஒரு வட்டத்தில் ஆசிரியர் கூடவே இருப்பார். இன்னொன்றில் அவ்வப்போது எட்டிப்பார்ப்பார். வேறொன்றில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசி வட்டத்தில் தனியாகச் செய்து முடிப்பார்கள். நான்கு நாள் காய்ச்சலில் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்து தொடங்கலாம். வகுப்பு தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்ற பயம் வேண்டாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது அறிமுகமான காட்சிதான். செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் தமிழகம் முழுக்கப் போனதும் இதே குடும்பம். இரண்டுக்கும் ஊற்று ஒன்றே: ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலி. அதைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகச் செய்த அட்டைகள்தாம் இரண்டு மாநில ஆசிரியர்களையும் அங்கே வரவழைத்தன.

திங்களன்று முதல் வேலை வானிலை அட்டவணை. "வானம் எப்படி கண்ணு இருக்குது இன்னிக்கு?" என்று மிஸ் தமிழில் கேட்டார். ஒன்றாம் வகுப்புச் சிறுமி வாசல்வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "மோடம் போட்டுகினு கீது மிஸ்" என்றாள். வகுப்பு முழுக்க அதைக் கன்னடத்தில் ஒருமுறை சொன்னது. பிறகு அவள் மேகப் படத்தை எடுத்து அட்டவணையில் குத்தினாள். வாரம் முழுக்கக் கவனித்தேன்: புதிதாக எதைத் தொடங்கினாலும் மிஸ் முதல் கேள்வியை வீட்டுப் பேச்சில் கேட்கிறார். பிள்ளை யோசித்துப் பதில் சொன்ன பிறகே கன்னடம் வருகிறது. "கன்னடத்துலயே கேட்டேன்னா இதுங்க என் மூஞ்சியப் பார்க்கும். தமிழ்ல கேட்டா வானத்தைப் பார்க்கும்" என்றார் அவர். அந்த வாரம் முழுவதையும் எனக்கு விளங்கவைத்த பேச்சு அது.

செவ்வாய்க்கிழமை கணக்கு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டார்கள். ஒன்றாம் வகுப்புக்குப் புளியங்கொட்டை. மூன்றாம் வகுப்புக்கு மணி பார்க்கும் பாடம். அட்டையில் வெட்டிய கடிகாரத்தை ஆளுக்கொன்று கொடுத்து, "உங்க வீட்டுல முதல்ல எழுந்துக்கிறவங்க எத்தனை மணிக்கு எழுந்துக்கிறாங்க? முள்ளை வைங்க" என்றார் மிஸ். அட்டையில் அச்சிட்டிருந்த கேள்வி வேறு. இது அவரே சேர்த்துக்கொண்டது. நான்கு, நாலரை, மூன்றே முக்கால் என்று முட்கள் நின்றன. அடுத்த கேள்வி, வீட்டுக்குக் கடைசியாக வருகிறவர் எப்போது வருகிறார். ஒன்பது, ஒன்பதரை. நடுவில் எத்தனை மணி நேரம் என்று எண்ணச் சொன்னபோது, ஒரு பையன் விரல் போதாமல் பக்கத்துப் பிள்ளையின் விரல்களையும் கடன் வாங்கிக்கொண்டான்.

நேரத்தைக் கூட்டிக் கழிக்கக் கற்பது மூன்றாம் வகுப்புக்குக் கடினமான பாடம். அந்தப் பிள்ளைகள் அதைத் தவறில்லாமல் செய்தார்கள், ஏனென்றால் அந்த மணிகள் அவர்களுக்கு மனப்பாடம். ரயில் தாமதமானால் என்னவாகும் என்றும் சொன்னார்கள். ஒரு சிறுமி, "அம்மா வர வரைக்கும் நான் தூங்கமாட்டேன்" என்றாள். மிஸ் அவள் தலையைத் தடவிவிட்டு, அவள் எழுதிய விடைக்குச் சரி போட்டார். இந்த ஊரின் பொருளாதாரத்தை விளக்க எந்த அறிக்கையும் அந்தக் கடிகார அட்டைகளுக்கு ஈடாகாது என்று நினைத்தேன். அதைவிட முக்கியம், அம்மாவின் உழைப்பு வகுப்பில் எண்ணப்பட்டது. எண்ணத் தகுந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்தது.

புதன்கிழமை சுற்றுச்சூழல் பாடம். இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு லைன் வீதிகளில் நடந்தார்கள். தெருக்குழாய் எத்தனை, மரம் எத்தனை, வீட்டு வாசலில் என்ன செடி என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ண வேண்டும். குழாயடியில் நின்று மிஸ் கேட்டார், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பல பதில்கள் வந்தன. தங்கவயலுக்குத் தண்ணீர் தந்து வளர்த்தது பேத்தமங்கலம் ஏரி. பாலாறு அங்கே தேங்கி, பிறகு ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியே வட ஆர்க்காட்டுக்குள் போகிறது. "உங்க பாட்டி ஊர் எது?" என்றதும், குடியாத்தம், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று குரல்கள் எழுந்தன. ஆறு போகிற திசைக்கு எதிர்த்திசையில் அந்தப் பிள்ளைகளின் முன்னோர் நடந்து வந்திருக்கிறார்கள். மிஸ் ஒரு குச்சியால் தெருமண்ணில் ஆற்றைக் கோடாக இழுத்துக் காட்ட, பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லைத் தங்கள் பாட்டி ஊராக வைத்தார்கள். வரைபடம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சிறந்த முதல் பாடத்தை நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் ஒரு பையன் சயனைடு மேட்டைக் காட்டி, "அதுல மட்டும் ஏன் மிஸ் புல்லே முளைக்கல?" என்று கேட்டான். தங்கவயலில் பிறந்த எந்தப் பிள்ளையும் என்றாவது கேட்டே தீர வேண்டிய கேள்வி. அவர் உட்கார்ந்து பதில் சொன்னார். கீழேயிருந்து கொண்டுவந்த பாறையை மில்லில் மாவாக அரைப்பார்கள். அந்த மாவில் சயனைடு கரைசலைச் சேர்த்தால் தங்கம் அதில் கரைந்து வரும். பிறகு துத்தநாகத்தைப் போட்டுத் தங்கத்தைத் திரும்பப் பிரித்தெடுப்பார்கள். மிச்சமான மாவை வெளியே கொட்டிக்கொண்டே வந்தார்கள். ஒரு டன் பாறையில் சில கிராம்தான் தங்கம்; மற்றதெல்லாம் மேடாகிவிட்டது. செடிக்கு வேண்டிய சத்து அதில் இல்லை, வேண்டாத நஞ்சு இருக்கிறது. "அதனால அங்க விளையாடக் கூடாது, அந்த மண்ணை வாயில கையில வெச்சுக்கக் கூடாது. காத்து அடிச்சா மூக்கை மூடிக்கணும்." கோடைக் காற்றில் அந்தத் தூள் வீடுகளுக்குள் வருவதையும், மழையில் அது கரைந்து வாய்க்காலில் இறங்குவதையும் பெரியவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறார்கள்.

வகுப்புக்கு வந்ததும் மூன்று தேங்காய் ஓடுகளில் தோட்டத்து மண், செம்மண், ஆற்று மணல் போட்டுப் பயறு விதைத்தார்கள். எது முதலில் முளைக்கும், எது நன்றாக வளரும் என்று ஆளுக்கொரு கணிப்பு. கணிப்பை எழுதிப் பெயர் போட்டு ஒட்டினார்கள். ஊகித்து, எழுதிவைத்து, காத்திருந்து பார்ப்பது அறிவியலின் முதல் ஒழுக்கம். இதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் கருவிகளை வைத்துக் காத்திருந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளின் தடத்தை உலகிலேயே முதன்முதலாகப் பதிவுசெய்தவர்களுள் இடம்பெற்றார்கள். தேங்காய் ஓட்டின் முன்னால் குந்தியிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தச் செய்தியும் ஒருநாள் சொந்தச் செய்தியாகச் சேர வேண்டும்.

வியாழக்கிழமைக்காக வகுப்பே காத்திருந்தது. ஒரு மாணவியின் தாத்தா வந்தார். சுரங்கத்தின் அடியாழத்தில் வேலை பார்த்தவர். நாற்காலி போட்டும் உட்காராமல், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் முந்தின நாளே கேள்விகளை எழுதிவைத்திருந்தார்கள். எழுதியது கன்னடத்தில், கேட்டது தமிழில்.

"தாத்தா, உள்ள எப்படிப் போவீங்க?"

"கேஜ்ல போவோம் பா. கூண்டு மாதிரி இருக்கும். சங்கு ஊதுனதும் வரிசையா ஏறிக்கணும். விர்ருன்னு இறங்கும், காது அடைச்சுக்கும்."

"இருட்டா இருக்குமா?"

"கண்ணு முன்னாடி கைய நீட்டுனாலும் தெரியாது. தலையில லைட்டு கட்டிக்கினு போவோம்."

"சூடா இருக்குமா?"

"கீழ போகப் போகச் சூடு. பாறையைத் தொட முடியாது. வேர்வை ஷூவுக்குள்ள நிக்கும்."

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் என்று சொன்னதும் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மிஸ் உதவிக்கு வந்தார். பள்ளியிலிருந்து முக்கால் மணி நேரம் நேராக நடந்தால் எவ்வளவு தூரம் போவோமோ, அந்தத் தூரத்தை அப்படியே நிமிர்த்தித் தரைக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள் என்றார். வகுப்பில் சத்தமே இல்லை. ஒரு சிறுவன் தன் கால் பக்கத்துத் தரையை ஒரு கையால் தொட்டுப் பார்த்தான்.

பாறை வெடிப்பைப் பற்றியும் தாத்தா சொன்னார். ஆழத்தில் அழுத்தம் தாங்காத பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அந்த அதிர்ச்சி மேலே லைன் வீடுகள்வரை வரும். அலமாரியில் பாத்திரம் உருளும். உருண்ட சத்தம் கேட்டதும் பெண்கள் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். யாருடைய ஆள் மேலே வருவான் என்று தெரியாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருமல் வந்து நிறுத்திக்கொண்டார். பாறைத் தூளைச் சுவாசித்ததால் வரும் சிலிக்கோசிஸ் இந்த ஊரில் பல குடும்பங்களுக்குத் தெரிந்த நோய். அவருடைய பேத்தி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

கடைசியில் ஒரு வாண்டு கேட்டது: "தங்கம் வீட்டுக்குக் கொண்ணாந்தியா தாத்தா?"

"ஒரு பொட்டுகூட இல்ல கண்ணு. நான் பாத்தது பாறை. தங்கத்த மில்லுல பிரிச்சு அப்படியே எடுத்துக்கினு போயிட்டாங்க. நான் வீட்டுக்குக் கொண்ணாந்தது சம்பளம். அதுல உங்க அம்மா அப்பாவப் படிக்க வெச்சோம்."

அன்று மதியம் எழுதும் வேலை. தாத்தா சொன்னதில் பிடித்ததை மூன்று வாக்கியம் எழுத வேண்டும். சின்னவர்கள் படம் வரையலாம். கன்னடத்தில் எழுதுவதற்கு வழக்கமாகத் தயங்கும் ஒரு பையன், கேஜ் எப்படி இறங்கும் என்பதை ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டு, தெரியாத சொற்களுக்கு எழுந்து எழுந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தான். சொல்ல ஒரு விஷயம் இருந்ததால் அவனுக்குச் சொற்கள் தேவைப்பட்டன. தமிழில் கேட்ட கதை அவனுடைய கன்னடத்தை வளர்த்தது. வீட்டு மொழியை வகுப்பில் அனுமதித்தால் மாநில மொழி பின்தங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

இந்த ஊருக்குப் படிப்பின் மீதுள்ள பசி நேற்று வந்ததல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' வார இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் பெரும் ஆதரவாக இருந்தார்கள். அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இயங்கின. அவர் மறைந்த பிறகு அவர் நூல்களைச் சாம்பியன் ரீஃபிலிருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. 1926-இல் அந்த இதழ் மறுபடி உயிர்பெற்றதும் இங்கிருந்துதான், கோ. அப்பாதுரையார் அதில் முன்னின்றார். எட்டு மணி நேரம் பூமிக்கடியில் கிடந்துவிட்டு வந்தவர்கள், ராந்தல் வெளிச்சத்தில் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கக் கேட்டார்கள், காசு போட்டுப் புத்தகம் கொண்டுவந்தார்கள். படித்தால்தான் தலைநிமிர முடியும் என்று அவர்கள் கண்டதன் பயன், கிளார்க்குகளாகவும் ஆசிரியர்களாகவும் பொறியாளர்களாகவும் இந்த லைன்களிலிருந்து போனவர்கள்.

தமிழ்வழிப் பள்ளிகளும் ஒரு காலத்தில் இங்கே நிறைய இருந்தன, இன்று சுருங்கிவிட்டன. கோகாக் குழுவின் அறிக்கையை ஒட்டி 1980-களில் எழுந்த கன்னட மொழி இயக்கம், பிறகு வந்த மொழிக்கொள்கைகள், சுரங்கம் மூடியதும் வேலைக்குப் பெங்களூரை நம்பவேண்டிய நிலை, ஆங்கிலத்தின் மீது பெற்றோருக்கு உள்ள ஆசை என்று காரணங்கள் பல. அரசே 2019-இல் ஆயிரம் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவு தொடங்கியது. பெற்றோரைக் குறைசொல்ல மாட்டேன். பெங்களூரில் கன்னடமும் ஆங்கிலமும் தெரியாமல் வேலை தேடிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. பிள்ளைக்கு மூன்று மொழியும் வேண்டும் என்பதே அவர்கள் சொல்வது. அது நியாயமான ஆசை, நிறைவேறக்கூடிய ஆசையும்கூட. எந்த வாசல் வழியாக அந்த மொழிகளுக்குள் பிள்ளையை அழைத்துப்போவது என்பதில்தான் கவனம் வேண்டும். பிள்ளையின் படிப்பைத் தாய்மொழியில் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே பரிந்துரைத்தது.

வெள்ளிக்கிழமை மதிப்பீடும் கதையும். ஏணியில் ஒரு கட்டத்தின் படிகளை முடித்தவர்கள் மதிப்பீட்டு அட்டையை எடுத்தார்கள். தேர்வு என்ற பேச்சே இல்லை. வழக்கமான வட்டத்தில் வழக்கம்போல் உட்கார்ந்து செய்தார்கள். முடித்த சிறுமி சுவர் அட்டவணையில் தன் பெயருக்கு நேராகத் தானே நிறம் தீட்டினாள். முடிக்காத பிள்ளைக்கு அதே திறனை வேறு விதமாகப் பழக்கும் அட்டை காத்திருந்தது. மதியச் சாப்பாட்டில் சாதமும் சாம்பாரும் முட்டையும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய். அரசு வாரம் இரண்டு நாள் தந்துவந்த முட்டையை, 2024 முதல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளையின் உதவியோடு வாரம் ஆறு நாளாக்கியிருக்கிறார்கள். கதை நேரத்தில் நூலகப் பெட்டியைத் திறந்தார் மிஸ். கன்னடக் கதைப் புத்தகங்களுக்கு நடுவே சில தமிழ்ப் புத்தகங்களும் இருந்தன. அவர் சொந்தக் காசில் வாங்கியவை. மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர் மட்டும் தமிழ் எழுத்து படிப்பார்கள். ஒருத்திக்கு அவள் பாட்டியும் மற்றவனுக்கு அவன் அப்பாவும் வீட்டில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் கண்ணில் இருந்த ஏக்கத்தை நான் மறக்கமாட்டேன். தாங்கள் பேசுகிற மொழிக்கு எழுத்தும் புத்தகமும் இருப்பதை அறிந்தும், அதைப் படிக்கத் தெரியாமல் வளர்வது பெரிய இழப்பு.

சனிக்கிழமை பை இல்லாத நாள்; மாதத்தில் மூன்றாம் சனிக்கிழமையை அப்படி வைத்திருக்கிறார்கள். காலையில் கூட்டு உடற்பயிற்சி, பிறகு பாட்டு, களிமண் பொம்மை, கில்லி, நொண்டி. புதனன்று விதைத்த பயறு தோட்டத்து மண்ணில் முளைவிட்டிருந்தது. செம்மண் என்று கணித்தவர்கள் இரண்டு நாள் பொறுக்கச் சொல்லி வாதாடினார்கள். மிஸ் பொறுக்க ஒப்புக்கொண்டார். வியாழனன்று எழுதியவற்றை நூலால் தைத்து ஒரு புத்தகமாக்கினார்கள். அட்டையில் ஷாஃப்டு கோபுரம் வரைந்து, உள்ளே கன்னடத்தில் பிள்ளைகள் எழுதியது, அதற்கு எதிர்ப்பக்கத்தில் தாத்தா சொன்னது தமிழில். தமிழை மிஸ் தம் கையால் எழுதினார். அவர்கள் படிக்கிற பாடங்களில் தங்கவயல் இல்லை. அந்த வகுப்பு தனக்கு வேண்டிய பாடத்தைத் தானே எழுதிக்கொண்டது.

ஊரைவிட்டுக் கிளம்பும் வண்டியில் எனக்குள் ஓடிய கவலை ஒன்றுதான். நான் பார்த்த நல்லதெல்லாம் ஒரு ஆசிரியையின் மனத்தையும் அவர் இந்த ஊரில் பிறந்த தற்செயலையும் நம்பி நிற்கிறது. நாளை அவர் மாற்றலாகிப் போகலாம். தமிழ் அறியாத, இந்த ஊரை அறியாத ஒருவர் வரலாம். அவரும் நல்லவராகவே இருப்பார். ஆனால் மோடம் போட்டிருக்கிறது என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அவர் முன்னால் வாயடைத்து நிற்கும்.

இந்தியாவின் அரசியலமைப்பு இதை முன்பே யோசித்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழிவழிக் கற்பித்தலுக்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது 350ஏ பிரிவு. மொழிவாரி மாநிலங்கள் பிறந்த 1956-இல் ஏழாவது திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்டது அது. தங்கச் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டதும் அதே ஆண்டில். சுரங்கத்தை ஏற்றவர்கள் அந்தச் சுரங்கத்துக்கு உழைத்தவர்களின் பிள்ளைகளையும் ஏற்றிருக்கிறார்கள். அந்தப் பொறுப்பு 2001-இல் மூடப்படவில்லை.

செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தங்கவயல் பள்ளிகளின் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழறிந்த ஆசிரியர் ஒருவராவது நியமிக்கப்பட வேண்டும். நலி கலி அட்டைகளோடு தமிழிலிருந்து கன்னடத்துக்குப் படியேற்றும் அட்டைகள் ஒரு தொகுதி வேண்டும். ஏணி முறையே அதற்கு இடம் தருகிறது. விரும்புகிற பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்க வாரத்தில் சில மணி நேரம் வேண்டும். தமிழ்நாட்டுப் பதிப்பகங்களும் நூலகங்களும் இந்தப் பள்ளிகளின் புத்தகப் பெட்டிகளுக்குத் தமிழ்ச் சிறுவர் நூல்களை அனுப்பலாம். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. எல்லாவற்றையும்விட அவசரமானது, சுரங்கத்தில் இறங்கியவர்களைப் பிள்ளைகள் சந்திப்பது. மூடும்போது நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பலர் மூச்சு வாங்குகிறவர்கள். ஒவ்வொரு வகுப்பும் ஒரு தாத்தாவை அழைத்து, கேட்டு, எழுதி, தைத்துவைத்தால், சில ஆண்டுகளில் இந்த ஊரின் வரலாறு அதன் பேரப்பிள்ளைகளின் கையெழுத்தில், இரண்டு மொழியிலும் இருக்கும். கர்நாடகத்தில் அடுத்த கல்வியாண்டு மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ தொடங்கும். ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் பிள்ளை இப்போதே லைன் வீட்டில் தமிழில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. அது பள்ளிக்கு வரும் நாளுக்குள் இதில் ஒன்றாவது தயாராக வேண்டும்.